பயணச் சோறு, பஞ்சச் சோறு, முகாம் சோறு



கொஞ்சம் நீளமான பதிவு. மழை தொடங்குமுன் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

விடுமுறை வந்தால் போதும், எங்கள் மடுல்சீமை வீதியில் முதுகுப்பை சுமந்த இளைஞர் கூட்டம்தான். பிட்டமாருவ "சின்ன உலக முடிவு" பார்க்க வருகிறார்கள். கூடாரம், சின்ன கேஸ் அடுப்பு, நூடில்ஸ் பக்கெட், டின் மீன். இரவு மலையில் தங்கி, விடியப் பனிமூட்டத்துக்குள் பிளேன்டீ குடித்துவிட்டு இறங்கிப் போவார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பைகளைப் பார்க்கும்போது நமக்கு ஒரு கேள்வி வரும். முன்னர் இந்த நாட்டின் காடு மலைகளைக் கடந்தவர்கள் எதைச் சுமந்தார்கள்? எதைச் சமைத்தார்கள்?

இதற்கு எழுத்தில் உள்ள ஒரு பழைய பதில் ரொபர்ட் நொக்ஸினுடையது. 1660 இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயர். ஏறத்தாழ இருபது வருடங்களின் பின், 1679 இல், ஒரு தோழருடன் அநுராதபுரக் காடுகள் வழியாக அரிப்பு ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிப் போனார். 1681 இல் வெளிவந்த தன் நூலில், எதை எல்லாம் கட்டிக்கொண்டு புறப்பட்டோம் என்று கணக்காக எழுதியிருக்கிறார். அரிசி, இறைச்சி, மீன், மிளகு, உப்பு, கருப்பட்டி, இனிப்புப் பண்டம். ஆக்குவதற்கு ஒரு சட்டி. தண்ணீருக்கு இரண்டு சுரைக்குடுவை. மழை வந்தால் கூடாரமாகப் பிடிக்க இரண்டு பெரிய தாளிப்பனை ஓலை. நெருப்பு மூட்டும் பெட்டி மட்டும் இரண்டு மூன்று. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும் என்ற முன்யோசனை. இன்று முகாமுக்குப் போகிறவர்கள் எழுதும் பட்டியலும் இதைவிடப் பெரிதாக மாறிவிடவில்லை.

அடுத்தது நமது முன்னோரின் தவளம். பொதிமாடுகளின் முதுகில் இருபக்கமும் மூட்டை தொங்கவிட்டு, வரிசையாக ஓட்டிக்கொண்டு காட்டுப் பாதைகளில் நடந்த வியாபாரம் அது. கண்டி இராச்சியத்தில் இந்தப் போக்குவரத்துக்கென்றே "மடிகே" என்ற பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்களின் பங்கு பெரியது. கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் மேலே வந்தன. மலைநாட்டிலிருந்து பாக்கு முதலான பொருட்கள் கீழே போயின. கவனித்தீர்களா? மேலே வந்தது எல்லாம் கெட்டுப்போகாத உணவு. கடலே இல்லாத ஊவாவின் சமையலறைக்குக் கருவாடு வந்து சேர்ந்த பாதை அதுதான்.

மாசியின் கதையும் அப்படித்தான். 1344 இல் மாலைதீவிலிருந்து வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, மாலைதீவு மக்கள் மீனைத் துண்டுபோட்டு, இலேசாக அவித்து, ஓலைப் பெட்டியில் புகைபோட்டுக் காயவைத்துத் தூர தேசங்களுக்கு அனுப்பியதை எழுதியிருக்கிறார். இன்று நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசிக்கு அவ்வளவு வயது இருக்கிறது.

ஆனால் இந்த மலையின் பெரும் பயணம் வியாபாரப் பயணம் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை சுமார் 150 மைல் காட்டு வழியே நடந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சம், கொலரா, காய்ச்சல். வழியில் விழுந்து எழும்பாமல் போனவர்கள் பலர். அந்தப் பயணச் செலவும் வழியில் உண்ட அரிசியும் கங்காணியின் முற்பணக் கணக்கில் ஏறின. வேலைக்குச் சேருமுன்பே கடன். தோட்டத் தொழிலாளியின் முதல் கடன் வழியில் தின்ற சோறு என்று சொன்னால் அது மிகையல்ல.

கோப்பிக்கு என்ன நடந்தது என்பதில் எங்கள் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. கோப்பி இலைகளைத் தின்ற துருநோய் இலங்கையில் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1869 இல், மடுல்சீமையின் கலூலா தோட்டத்தில். சில வருடங்களில் கோப்பி வீழ்ந்தது. பின்னர் தேயிலை வந்தது. பயிர் மாறினாலும் ஒன்று மாறவில்லை. இந்த மலை குடிப்பதற்கான பயிரை வளர்த்து வெளியே அனுப்பியது. தின்பதற்கான அரிசி வெளியிலிருந்து வந்தது.

அதனால்தான் வெளியே ஒரு கதவு மூடினால் இங்கே அடுப்பு அணைந்தது. 1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா பரவியது அந்தக் காலத்தில்தான். இன்று மலைக்குக் கொண்டுபோகும் ரொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும் பின்னால் ஒரு யுத்தம் இருக்கிறது.

1973, 74 இல் நிலைமை இன்னும் மோசம். உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலை ஏறின. பங்கீடு வெட்டப்பட்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை. தோட்டங்களில் மரண விகிதம் 1974 இல் கடுமையாக உயர்ந்தது. மரவள்ளி, பலாக்காய், கீரை என்று கையில் கிடைத்ததை அவித்துத் தின்ற காலம். லயத்துப் பெரியவர்கள் "பஞ்சக் காலம்" என்றால் அதைத்தான் சொல்வார்கள். சமைக்கத் தெரியாததால் அவர்கள் பட்டினி கிடக்கவில்லை. சமைக்க எதுவும் வந்து சேரவில்லை.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தது. லயங்கள் புதைந்தன. தப்பியவர்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. வீதிகள் துண்டிக்கப்பட்டன. தவளக் காலத்திலும் பர்மா அரிசிக் காலத்திலும் இருந்த அதே உண்மைதான். பாதை உடைந்தால் இந்த மலை தனித்துப்போகும்.

உதவ வருகிறவர்கள் அன்போடு சோற்றுப் பார்சல் கொண்டுவருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சூட்டோடு கட்டி மணிக்கணக்கில் வைத்த சோற்றில் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. தேங்காய்ப்பால் சேர்ந்த கறி இன்னும் சீக்கிரம் கெடும். முகாமில் ஐந்நூறு பேருக்கு வயிற்றோட்டம் வந்தால் அது இரண்டாவது அனர்த்தம். சமைத்து அனுப்புவதைவிட அரிசி, பருப்பு, கருவாடு, பெரிய சட்டி அனுப்பி அங்கேயே ஆக்குவது நல்லது.

வீட்டுக்கு ஒரு பை. இதுதான் நமது கோரிக்கை. ஊவாவில் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. அதற்கு முன்பே கட்டிவையுங்கள். அவல், வறுத்த அரிசிமா, சீனி அல்லது கருப்பட்டி, வறுத்த கடலை, பேரீச்சம்பழம், தேங்காய் சேர்க்காத மாசிச் சம்பல், பிஸ்கட், மூடியுள்ள தண்ணீர்ப் போத்தல், சின்னச் சட்டி, நொக்ஸைப் போல இரண்டு லைட்டர். இரண்டு மூன்று பக்கெட் ஜீவனி. அது இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. பால்குடிப் பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இரண்டாம் கட்ட எச்சரிக்கை விடுத்தால் பை வாசலுக்கு வரவேண்டும். மூன்றாம் கட்டம் என்றால் பையோடு நாம் வெளியேற வேண்டும். அவசரத்துக்கு 117.

பள்ளிவாசலும் கோவிலும் விகாரையும் தேவாலயமும் ஆளுக்கொரு பெரிய சட்டியும் ஒரு மூட்டை அரிசியும் மழைக்கு முன் ஒதுக்கிவைத்தால், பாதை திறக்கும்வரை யாரும் யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை. 1974 இல் இந்த மலைக்கு அப்படியொரு களஞ்சியம் இருக்கவில்லை. இன்று வைக்க நம்மால் முடியும்.

பஞ்சக் காலத்தில் என்ன சாப்பிட்டோம், எப்படிச் சமைத்தோம் என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் போனபின் கேட்க ஆளிருக்காது.