கோடு எங்கே முடிய வேண்டும்?

ஸ்ட்ராவா செயலியில் ஒரு செக்மென்ட் உருவாக்கச் சில நிமிஷம் போதும். ஓட்டி முடித்த பாதையில் தொடக்கப் புள்ளி ஒன்று, முடிவுப் புள்ளி ஒன்று, அந்தச் சாலைத் துண்டுக்கு ஒரு பெயர். அவ்வளவுதான். பிறகு அந்த வழியே சைக்கிளில் போய்ப் பயணத்தைப் பதிவேற்றுகிறவர்களின் நேரம் தானாகவே பட்டியலில் ஏறும். முதலிடத்துக்கு 'கிங் ஆஃப் தி மவுண்டன்' பட்டம். டூர் டி பிரான்ஸில் 1933லிருந்து சிறந்த மலையேறிக்கென்று தனிப் போட்டி உண்டு. பட்டம் அந்த வழி வந்தது. ஒரு வித்தியாசம்: டூருக்காகச் சாலையை மூடிவிடுவார்கள். இங்கே சாலை திறந்தே கிடக்கிறது. பால் வாங்கப் போகிறவரும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையும் அதே சாலையில்தான்.

திறந்த சாலையில் பந்தயம் விடலாமா என்ற கேள்விக்கு நூற்றிமுப்பது வயசு. 1894 ஜூலையில் இங்கிலாந்தின் நார்த் ரோடு கிளப் 50 மைல் பந்தயம் நடத்தியது. குதிரை வண்டியில் போன ஒரு பெண்ணைச் சில வீரர்கள் கடக்க, குதிரை மிரண்டது. வீரர்கள் விழுந்தார்கள், புகார் போலீஸுக்குப் போனது. அந்த வீரர்களில் எஃப். டி. பிட்லேக்கும் ஒருவர். போலீஸ் கெடுபிடிக்குப் பயந்து தேசிய சைக்கிள் சங்கமே சாலைப் பந்தயத்துக்குத் தடை போட்டது. பிட்லேக் வேறு வழி பார்த்தார். கூட்டமாகப் போனால்தானே தொல்லை? ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு அனுப்பலாம்; போட்டி கடிகாரத்தோடு மட்டும். 1895 அக்டோபரில் அப்படி முதல் பந்தயம் நடந்தது. அதுதான் டைம் ட்ரையல்.

அதைச் சுற்றி ஒரு நாகரிகமும் வளர்ந்தது. விடியற்காலையில் ஓட்டு. உடம்பை மூடிக் கறுப்பு உடை போடு. பாதையின் பெயரை வெளியே சொல்லாதே. எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு குறியீடு போதும். போலீஸ் கண்ணில் படாமலிருக்கச் செய்த தந்திரம்தான். ஆனாலும் சாலையில் மற்றவர்களும் இருக்காங்க என்ற நினைப்பு அதில் இருந்தது.

2009ல் வந்த ஸ்ட்ராவா அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. தனியாக ஓட்டு, கடிகாரத்தோடு மோது. பாதையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு? அது யார் வேண்டுமானாலும் அழுத்தும் ஒரு பொத்தானாக ஆகிவிட்டது.

2010 ஜூனில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி மலையிறக்கம் ஒன்றில் ஒரு சைக்கிள்காரர் இறந்தார். பறிபோன முதலிடத்தை மீட்கப் போய்த்தான் இறந்தார் என்று குடும்பம் 2012ல் ஸ்ட்ராவா மீது வழக்குப் போட்டது. சைக்கிள் ஓட்டுவதிலேயே இருக்கிற ஆபத்து இது என்று சொல்லி, மறுவருஷம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சட்டம் அதோடு முடிந்தது. மிச்சம் இருப்பது நாகரிகம்.

அதன் விதிகள் எளிமையானவை. சிக்னலுக்கு முன்பே கோட்டை முடி. தாண்டி முடித்தால் சிவப்பு விளக்கில் நிற்கிறவன் தோற்பான். இறக்கத்தில் போடாதே, ஏற்றத்தில் நெஞ்சுதான் எரியும், இறக்கத்தில் உயிர் போகும். நடைபாதை, பள்ளி வாசல் வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் செக்மென்ட் மேல் இன்னொன்று போடாதே. ரொம்பச் சின்னதாகவும் வேண்டாம்: ஜி.பி.எஸ். சில மீட்டர் தவறும், இருபது விநாடித் துண்டில் அந்தத் தவறே வெற்றியைத் தீர்மானிக்கும். ஆபத்தான துண்டைப் பார்த்தால் கொடி காட்டு. அதன் தரவரிசை மறைந்துவிடும்.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். ஒரு எண்ணை அளந்து ஊர் பார்க்க வைத்தால், மனுஷங்க அந்த எண்ணுக்காக ஓடுவாங்க. அதனால் செக்மென்ட் போடுகிறவர் வெறும் நேரம் குறிப்பவர் இல்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் எந்த இடத்தில் பிரேக் பிடிக்க யோசிப்பார் என்பதை முடிவு செய்கிறவர். 2020ல் ஸ்ட்ராவாவே 'லோக்கல் லெஜண்ட்' என்று இன்னொரு பட்டம் கொண்டுவந்தது. 90 நாளில் அந்தத் துண்டை அதிக முறை கடந்தவருக்கு அது; வேகம் கணக்கில் இல்லை. பட்டம் கிடைக்க சிக்னலில் நின்று போனாலும் போதும்.