ஊரைக் கேட்டுச் சொல்றேன்!

கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை. ஏதோ அரசியல் பேச்சு. ''இதுக்கெல்லாம் ரெஃபரண்டம் வைக்கணும்ப்பா!'' என்று ஒருவர் குரலை உயர்த்த, பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: ''அப்படின்னா எலெக்‌ஷன்தானே தம்பி?''

இல்லை. எலெக்‌ஷனில் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். ரெஃபரண்டத்தில் ஒரு கேள்விக்கு பதில் சொல்கிறோம். லத்தீன் வார்த்தை இது. 'திரும்ப எடுத்துச் செல்ல வேண்டியது' என்று அர்த்தம். அந்தக் கால ஸ்விட்சர்லாந்தில், பொதுச் சபைக்குப் போன மாகாணப் பிரதிநிதிகள் இஷ்டத்துக்குத் தலையாட்ட முடியாது. விஷயத்தை ஊருக்கு எடுத்துப் போய்க் கேட்டு வரவேண்டும். பெண் பார்க்கப் போன இடத்தில் 'வீட்ல கலந்துக்கிட்டு சொல்றோம்' என்கிறோமே... கிட்டத்தட்ட அதேதான்!

தமிழில் பொது வாக்கெடுப்பு. பத்திரிகைகள் நடத்தும் கருத்துக்கணிப்பு வேறு. அது சிலரைக் கேட்டு ஊர் மனசை ஊகிப்பது. ஆனால், கோவாவில் குழப்பிவிட்டார்கள். மகாராஷ்டிராவோடு சேரலாமா என்று 1967 ஜனவரி 16-ல் மக்கள் அத்தனை பேரையும் கேட்டார்கள். சட்டத்தில் அதற்கு வைத்த பெயரோ 'ஒப்பீனியன் போல்'! சேர வேண்டாம் என்றவர்கள் 1,72,191 பேர். சேரலாம் என்றவர்கள் 1,38,170 பேர். கோவா தனியாகவே நின்றது.

நம்ம பக்கத்துக்கு வருவோம். அடி அண்ணாமலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது கீழூர். புதுச்சேரியைச் சேர்ந்த கிராமம். மக்கள் சம்மதமில்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுத்தரக் கூடாது என்றது பிரான்சின் 1946-ம் வருட அரசியல் சட்டம். சந்திரநாகூரில் 1949-ல் மக்களையே கேட்டார்கள். இந்தியாவுக்கு 7,473 ஓட்டு, பிரான்சுக்கு 114!

புதுச்சேரியிலோ 1954 மார்ச்சில் உள்ளூர்த் தலைவர்களே, 'ஓட்டெடுப்பெல்லாம் வேண்டாம், உடனே இணைப்பு' என்றார்கள். அதே வருடம் அக்டோபர் 18-ல் சட்டசபை உறுப்பினர்கள், நகரசபை உறுப்பினர்கள் என்று 178 பேர் கீழூரில் கூடினார்கள். இணைய 170 ஓட்டு, எதிராக 8. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றத்துக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதையும் ரெஃபரண்டம் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். முடிவு நல்ல முடிவு, சந்தேகமே இல்லை. ஆனால், அந்த வார்த்தையின் உயிரே 'ஊருக்குத் திரும்பிப் போய்க் கேட்பது'தானே? கீழூரில் அது நடக்கவில்லை. சுமார் மூன்று லட்சம் பேருக்காக 178 பேர் பதில் சொன்னார்கள்.

நம்மைக் கேட்பதும், நம் சார்பில் கேட்டுக்கொள்வதும் ஒன்றா? டீக்கடைப் பெரியவரிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்!