புதுச்சேரி–தமிழ்நாடு ஆற்றுநீர்ப் பகிர்வு

சங்கராபரணி, தென்பெண்ணை, காவிரி ஆகிய ஆறுகளின் நீரைப் புதுச்சேரியும் தமிழ்நாடும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் அல்ல. நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு வந்துவிடும். பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. ஆறுகளோ தமிழ்நாட்டு வழியாகவே வருகின்றன. மதகுகள் அங்கே, கடைமடை இங்கே.

காவிரியில் புதுச்சேரியின் காரைக்கால் பகுதிக்கு 7 டி.எம்.சி. 2007இல் காவிரி நடுவர் மன்றம் ஒதுக்கிய இந்த அளவை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. காவிரி மேலாண்மை ஆணையத்தில் புதுச்சேரிக்கும் ஓர் இடம் உண்டு. மற்ற இரு ஆறுகளுக்கும் அப்படி ஓர் ஆணையம் இல்லை.

சங்கராபரணியின் நீரைத் தேக்கும் வீடூர் அணை விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது. உயரம் 32 அடி, கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. பாசனம் பெறும் 3,200 ஏக்கரில் 1,000 ஏக்கர் புதுச்சேரியில் இருக்கிறது. அணை கட்டி முடிந்த 1959இல் புதுச்சேரி சட்டப்படி இன்னும் பிரெஞ்சு மண். நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே கைமாறியிருந்தாலும், சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. மாநிலங்களுக்கு இடையிலான இன்றைய பங்கீடு முன்பு இரு நாடுகளின் விவகாரமாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது.

தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பிரிந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. தலைமதகு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். மேலே ஷட்டர் திறக்காவிட்டாலோ, வாய்க்கால் தூர்ந்துபோனாலோ, புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூரில் நாற்று விடும் வேலையே தள்ளிப்போகும். வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்பை இரு அரசுகளும் சேர்ந்தே ஏற்க வேண்டும்.

வறட்சியைவிட வெள்ளத்தில்தான் ஒத்துழைப்பின் குறை பளிச்சென்று தெரிகிறது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின், 2024 டிசம்பர் 2 அதிகாலை, தென்பெண்ணையின் மேல்மடையில் தமிழ்நாட்டில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டது. தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர் பகுதிக் கிராமங்களில் புகுந்தது. இத்தகைய நேரத்தில் மேல்மடைத் தகவல் உடனுக்குடன் கீழே கிடைப்பது முக்கியம். மேக்கோங் ஆற்றின் மேல்மடையில் இருக்கும் சீனா, 2002இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, வெள்ளக் காலத்து நீர்மட்ட விவரங்களைக் கீழே உள்ள நாடுகளுக்குத் தந்துவருகிறது. சாத்தனூரின் நீர்வரத்தும் திறப்பும் மணிக்கு மணி பாகூர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர அவ்வளவு பெரிய உடன்பாடு தேவையில்லை. இரு அரசுகளின் நீர்வளப் பொறியாளர்களும் பேசி முடிவுசெய்தால் போதும்.