ஆட்டம் யாருடையது?

புனேவில் ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வர முடியவில்லை.

போன சனிக்கிழமை கூட வேலை செய்யும் மராத்தி நண்பர் வீட்டில் ஐந்து பேர் கூடினோம். சீட்டுக்கட்டு என்று நினைத்துப் போனால் மேசையில் இருபது முகப் பகடை! டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ். ஒருவர் கதை சொல்லுவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், பலித்ததா இல்லையா என்று பகடை தீர்ப்பு சொல்லும். எனக்கு மந்திரவாதி வேஷம். அரை மணி நேரத்தில் செத்துப்போனேன்.

செத்தவனுக்கு என்ன வேலை? அங்கே கிடந்த விதிப் புத்தகங்களைப் புரட்டினேன். பழையதில் டி.எஸ்.ஆர். என்று போட்டிருந்தது, புதியதில் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட். பக்கத்தில் பைஸோ என்ற கம்பெனியின் 'பாத்ஃபைண்டர்', கிட்டத்தட்ட அதே ஆட்டம். இது எப்படி சாமி என்று தோண்டியதில் கிடைத்ததுதான் இந்தக் கதை.

1973-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் கேரி கைகாக்ஸும் அவருடைய நண்பர் டான் கேயும் டி.எஸ்.ஆர். கம்பெனியை ஆரம்பித்தார்கள். அச்சடிக்கப் பணம் போதவில்லை. பிரையன் ப்ளூம் என்பவர் பணம் போட்டுப் பங்குதாரர் ஆனார். கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கிய ஆட்டம் 1974-ல் வெளிவந்தது. முதல் அச்சு 1,000 பிரதி.

1975 ஜனவரியில் டான் கே திடீரென்று மாரடைப்பில் இறந்தார். அவர் பங்கை வாங்க கைகாக்ஸிடம் பணமில்லை. பெரும்பான்மைப் பங்கு ப்ளூம் குடும்பத்தின் கைக்குப் போனது. ஆர்னசன் 1979-ல் ராயல்டிக்காக வழக்குப் போட வேண்டியிருந்தது. 1985 அக்டோபரில் ப்ளூம் சகோதரர்கள் தங்கள் பங்குகளை லொரெய்ன் வில்லியம்ஸிடம் விற்றார்கள். கைகாக்ஸ் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார், 1986 முடிவதற்குள் வெளியேறினார். உருவாக்கிய இரண்டு பேருமே வெளியே, ஆட்டம் மட்டும் உள்ளே.

அடுத்த அடி புத்தகக் கடையிலிருந்து வந்தது. டி.எஸ்.ஆர். தயாரிப்புகளைக் கடைகளுக்கு அனுப்பியது ராண்டம் ஹவுஸ். சரக்கு அனுப்பியதுமே முன்பணம் கைக்கு வந்துவிடும். அதனால் பணமுடை வந்தால் இன்னும் நாலு தலைப்பு அச்சடித்து அனுப்பு! ஆனால் விற்காத சரக்கு ஒருநாள் திரும்பி வருமே. 1996-ல் மலையாக வந்தது. அச்சகத்துக்குக் கொடுக்கப் பணமில்லை, அச்சும் நின்றது. 1997-ல் பீட்டர் ஆட்கிசனின் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 'மேஜிக்' சீட்டாட்டத்தில் சம்பாதித்த பணத்தில், டி.எஸ்.ஆரை வாங்கியது. இரண்டே வருஷம், 1999-ல் பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ சுமார் 32.5 கோடி டாலருக்கு விஸார்ட்ஸையே வாங்கிவிட்டது.

இனிமேல்தான் பொட்டி தட்டுகிறவனுக்குப் பிடித்த பகுதி. விஸார்ட்ஸில் இருந்த ரயன் டான்சி, கட்டற்ற மென்பொருள் உரிமங்களைப் பார்த்து, 2000-ல் இந்த ஆட்டத்துக்கும் ஒரு திறந்த உரிமம் கொண்டுவந்தார். அடிப்படை விதிகளை வைத்து யார் வேண்டுமானாலும் புத்தகம் போடலாம், விற்கலாம், காசு தர வேண்டாம். எத்தனை பேர் கதை எழுதினாலும், விளையாடுகிறவர்கள் மூல விதிப் புத்தகத்தை எங்களிடம்தானே வாங்குவார்கள் என்பது கணக்கு. நல்ல கணக்குதான்.

2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது கையை இறுக்கினார்கள், கூடவே கெடுபிடியான புது உரிமம். அதுவரை இவர்களுடைய பத்திரிகைகளை நடத்தி வந்த பைஸோவின் ஒப்பந்தம் 2007-லேயே முடிக்கப்பட்டிருந்தது. அந்தக் கம்பெனி என்ன செய்தது? 2000-ம் வருஷத்து உரிமத்தையே பிடித்துக்கொண்டு 2009-ல் பாத்ஃபைண்டரை இறக்கியது. விஸார்ட்ஸ் எழுதிக் கொடுத்த காகிதமே விஸார்ட்ஸுக்குப் போட்டியாளரைப் பெற்றுக் கொடுத்தது.

2023 ஜனவரியில் புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. வருஷ வருமானம் 7,50,000 டாலரைத் தாண்டினால், அதற்கு மேல் வருவதில் 25 சதவீதம் வரை கட்டு. அதைவிட மோசம், பழைய உரிமம் இனி 'அங்கீகரிக்கப்பட்டது' அல்லவாம். பழைய காகிதத்தில் 'நிரந்தரம்' என்று இருந்தது, 'திரும்பப் பெற முடியாதது' என்று இல்லை. அந்த இடுக்கில்தான் வக்கீல்கள் நுழைந்தார்கள். இருபது வருஷமாக அதை நம்பிக் கடை போட்டவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது.

ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், இணையச் சந்தாக்களை ரத்து செய்தார்கள். விஸார்ட்ஸே நடத்திய கருத்துக் கணிப்பில் 15,000-க்கும் மேற்பட்டோர் பதில் சொன்னார்கள், 89 சதவீதம் பேருக்குப் பழைய உரிமத்தில் கை வைப்பது பிடிக்கவில்லை. ஜனவரி 27-ல் கம்பெனி பின்வாங்கியது. அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. இதைத் திரும்பப் பெற முடியாது.

இதில் எனக்கு என்ன இவ்வளவு அக்கறை? நான் நாலு வருஷம் எழுதிய மென்பொருள், கம்பெனி கைமாறிய அடுத்த மாதம் ஒரே மின்னஞ்சலில் மூடப்பட்டது. சம்பளம் வாங்கினேன், எழுதினேன், அது அவர்கள் சொத்து. அதில் தகராறில்லை. ஆனால் அதை வைத்துத் தினமும் வேலை பார்த்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வைக்க அவர்கள் கையில் ஒரு காகிதமும் இல்லை. டி அண்டு டி ஆட்டக்காரர்களிடம் ஒன்று இருந்தது, ஓட்டை உடைசலாக இருந்தாலும்.

கைகாக்ஸ் 2008-லும் ஆர்னசன் 2009-லும் காலமானார்கள். அந்த விதிகளைப் பூட்டி வைக்க இனி எந்த முதலாளியாலும் ஆகாது என்பதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

பி.கு: ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என்னுடைய பணி ஒப்பந்தத்தை முதல் முறையாக முழுசாகப் படித்தேன். 'நிரந்தரம்' மூன்று இடத்தில் வருகிறது. மூன்றும் கம்பெனி பக்கம்தான்!