எல்லை கடக்கும் உழைப்பு

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே றொசல்ல என்ற சிறு புகையிரத நிலையம் உண்டு. அதனைச் சூழ்ந்த தோட்டங்களிற் பறித்த கொழுந்து தேயிலையாகித் துறைமுகம் சேர்ந்தால், அதனை நிறுக்கலாம், தீர்வையும் விதிக்கலாம். அக்கொழுந்தைப் பறிக்கக் கடல் கடந்து வந்த தமிழரின் உழைப்பையோ எந்தச் சுங்கத் தராசிலும் வைத்தல் இயலாது.

சேவை வர்த்தகத்தின் சிக்கலும் இத்தகையதே என்பதை நேயர்கள் உணரலாம். வங்கியாளரோ மருத்துவரோ கப்பல் முகவரோ பிறநாட்டில் தொழில் புரிய முனைந்தால், அவரைத் தடுப்பது தீர்வையன்று, அந்நாட்டின் சட்டம். யார் வரலாம், எத்தனை காலம் தங்கலாம், எவருடைய பட்டம் செல்லும் என்பவற்றை அதுவே தீர்மானிக்கும். அச்சட்டமோ நாளையே மாறலாம். மாறாதென்ற உறுதியைப் பெறுவதற்கும், பிறர்க்கில்லாச் சலுகையைத் தமக்குள் வழங்கிக்கொள்வதற்குமே நாடுகள் உடன்படிக்கை செய்கின்றன.

அவ்வுறுதி இல்லாதபோது நேர்வதை மலைநாடு நன்கறியும். இந்தியா 1922இல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றியது. இலங்கை 1927இல் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இயற்றியது. இருபுறமும் சட்டம் இருந்தது. இரு நாட்டையும் பிணிக்கும் ஒப்பந்தம் இல்லை. 1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை நீக்க முற்பட்டது. இந்தியா தொழிலாளர் பயணத்தையே தடை செய்தது. ஊருக்குப் போனால் திரும்பி வர இயலுமோ என்ற ஐயம் லயங்களிற் புகுந்தது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பிற்போடப்பட்டது. தேயிலைப் பெட்டிகளைக்கூட இவ்வளவு எளிதாகப் பங்கிட்டிருப்பரோ!

1998 டிசம்பரில் இரு நாடுகளும் செய்த வர்த்தக உடன்படிக்கையில் தேயிலைக்கு இடம் கிடைத்தது, ஆண்டுக்கு 1.5 கோடி கிலோவுக்குத் தீர்வைச் சலுகை. சேவை அதில் இல்லை. அதனையும் சேர்த்து வகுத்த விரிவான உடன்படிக்கை 2008இல் கையெழுத்தாகாமல் நின்றது. சிங்கப்பூருடன் 2018 ஜனவரியில் ஒப்பமான உடன்படிக்கையிற் சேவை இடம்பெற்றது. அயலார் வந்து வேலைகளைப் பெறுவர் என்று இலங்கையின் தொழில்சார் சங்கங்கள் எதிர்த்தன.

1995இல் நடைமுறைக்கு வந்த உலக சேவை வர்த்தக உடன்படிக்கை, சேவை வழங்கத் தற்காலிகமாகச் செல்வோரையே கருதுகிறது. குடியுரிமையும் நிரந்தர வசிப்பும் நிரந்தர வேலையும் அதற்குப் புறம்பானவை. றொசல்லத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோர், அக்காலத்தில் அது இருந்திருப்பினும், அதனுள் அடங்கியிரார்.