முழங்கால் நிலையின்மையும் காலிப்பரும்

இளம்பிள்ளை வாதத்தால் தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்கள் நாசமுற்று, தொடையின் முன்புறத் தசைகள் பலமிழந்தவர், முழங்கால் மடங்கிவிடுமோ என்ற பயத்தால், ஒவ்வோர் அடியிலும் தொடைமேல் கையை ஊன்றிப் பின்னோக்கி அழுத்தியபடி நடப்பதைப் பலரும் கண்டிருப்பர். அக்கையின் காரியத்தைத் தான் ஏற்றுக்கொள்ளும் சாதனமே காலிப்பர். தொடையிலிருந்து பாதரட்சை வரை இருபுறமும் செல்லும் உலோகச் சட்டங்களும், தோல் வார்களும், எழுந்து நின்றதும் முழங்காலருகே உள்ள கீலின்மேல் சரிந்து விழுந்து பூட்டிக்கொள்ளும் வளையமும் இதன் பிரதான அங்கங்கள்; உட்காரும்போது அவ்வளையத்தை விரலால் மேலே தூக்கிவிட வேண்டும். பூட்டிய காலை மடக்காமல் வீசி நடப்பது பெரும் சிரமமாதலால், இடுப்புத் தசைகள் வலுவுள்ளவர்க்குக் கீலைச் சற்றுப் பின்தள்ளி அமைத்து, உடற்பாரமே முழங்காலை நிமிர்த்திவைக்கும்படி செய்வதும் உண்டு. சிலர்க்கு முழங்கால் பின்னோக்கி வளைவதுண்டு; அதை முற்றிலும் நேராக்கிவிடலாகாது. பலமற்ற காலுக்கு அச்சிறு வளைவே ஆதாரம், அளவு மீறினால்தான் பின்புற இணைப்பு நார்கள் நைந்து வலி தோன்றும். 2014-இல் இந்தியா இளம்பிள்ளை வாதத்தினின்று விடுபட்டதாகச் சான்று பெற்றதெனினும், முன்னரே பாதிக்கப்பட்டோர்க்கு இச்சாதனம் இன்றும் அத்தியாவசியமே. பக்கவாதத்திலோ, விறைத்த பாதம் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளுவதால், கணுக்காலின் கோணத்தைத் திருத்தும் சிறு தாங்கியே பெரும்பாலும் போதுமானது. ஆயினும் ஸ்பரிச உணர்ச்சி குன்றியிருக்கக்கூடுமாதலால், தாங்கி அழுத்திய சருமத்தை நாள்தோறும் பார்த்தல் அவசியம்.