ஊக்கி மருந்துகளும் உணர்திறன் பெருக்கமும்

உணர்திறன் பெருக்கம் என்பது ஒரு மருந்தை மீண்டும் மீண்டும் உட்கொள்ளும்போது, அதே அளவு மருந்து முன்னிலும் கூடுதலான விளைவைத் தோற்றுவிப்பதாகும். விளைவு படிப்படியாகக் குறைவது தாங்குதிறன் எனப்படும். ஆம்பெட்டமைன், கொக்கெயின் முதலிய ஊக்கி மருந்துகளில் இவ்விரண்டும் காணப்படுகின்றன.

விலங்குகளில்

இடைவெளி விட்டு ஊக்கி மருந்து செலுத்தப்படும் எலிகளின் ஓட்டம் ஒவ்வொரு முறையும் கூடுகிறது. மருந்தை நிறுத்திப் பல வாரங்கள் கழிந்த பின்னரும் இம்மாற்றம் நீடிக்கிறது.

மனிதரில்

மனிதரில் சான்றுகள் ஒருமுகமாக இல்லை. 2006 ஆம் ஆண்டு வெளியான மொன்றியல் ஆய்வொன்றில், நலமுள்ள 10 ஆண்களுக்கு ஆம்பெட்டமைன் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை தரப்பட்டது. இரு வாரங்களுக்குப் பின்னரும் ஓராண்டுக்குப் பின்னரும் அதே அளவு தரப்பட்டபோது, மூளையின் வரியுடலம் என்னும் பகுதியில் முதல் முறையைவிடக் கூடுதலான டோப்பமைன் வெளிப்பட்டது.

இதற்கு மாறாக, கொக்கெயினுக்கு அடிமையானோரிடம் மெத்தில்பெனிடேட்டைக் கொண்டு நடத்தப்பட்டு 1997 இல் வெளியான ஆய்வில், டோப்பமைன் வெளியீடும் பரவச உணர்வும் ஏனையோரைவிடக் குறைவாக இருந்தன.

விளக்கம்

1993 இல் ராபின்சன், பெரிட்ஜ் ஆகியோர் முன்வைத்த கோட்பாட்டின்படி, பெருகுவது மருந்து தரும் இன்பம் அன்று. அதன் மீதான வேட்கையே ஆகும். இன்பம் குறைந்த பின்னரும் வேட்கை தணியாதிருப்பதை இக்கோட்பாடு விளக்க முயல்கிறது.

மருத்துவ முக்கியத்துவம்

மெத்தாம்பெட்டமைனால் மனப்பிறழ்வுற்றுக் குணமடைந்தவர்கள், நெடுங்காலம் விலகியிருந்த பின்னரும் சிறிதளவு உட்கொண்டாலே மீண்டும் அந்நோய்க்கு ஆளாகக்கூடும் என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.